வாசகர் கேள்வி பதில்: லேபில் கனெக்‌ஷன் கொடுப்பது யார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெண்ணைப் பெண்கள் கல்லூரியில் சேர்ப்பதா, இருபாலரும் படிக்கிற இடத்தில் சேர்ப்பதா. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டாலும் பழைய வட ஆற்காட்டுக்காரர்களின் கவலை ஒன்றாகத்தான் இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து வேலூரில் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்து, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பெண்களுக்கே அந்தப் பாடத்தை எடுத்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மகள் 600க்கு 521 வாங்கியிருக்கிறாள். பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க ஆசை. அவள் அப்பா, "பொம்பளப் புள்ளைங்க காலேஜ்னா சேரு, இல்லன்னா ஊட்லயே இரு" என்கிறார். அவளோ, "ஸ்கூலும் கேர்ள்ஸ், காலேஜும் கேர்ள்ஸா? ஜெயில் மாதிரி இருக்கும்" என்று அழுகிறாள். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எது நல்லது? – ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: உங்கள் வீட்டுக்காரர், மகள் இரண்டு பேருமே காம்பவுண்டுச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவருக்குச் சுவர் பிடித்திருக்கிறது, அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே மூன்று வருஷம் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நான் அதைச் சொல்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.எஸ்ஸி.க்கு வேறு ஊரில் இருபாலர் கல்லூரிக்குப் போனேன். முதல் நாள் லேபில் நாலு பேர் ஒரு பேட்ச், இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒயரெல்லாம் பையன்கள் கையில் இருந்தது, "நீங்க ரீடிங் எழுதுங்க, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்று நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, நல்ல பிள்ளைகள்தான், இன்றைக்கும் போன் பண்ணுகிறார்கள். ஆனால் நான் அன்றைக்கே, "கனெக்‌ஷன் நான் கொடுக்கிறேன்" என்று கேட்டு வாங்கினேன். பி.எஸ்ஸி.யில் மூன்று வருஷம் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து டிரான்சிஸ்டர் வரை எல்லாவற்றையும் நாங்களேதான் கோத்தோம், ஃபியூஸ் போனால் நாங்களேதான் போட்டோம், வேறு யாரும் அங்கே இல்லை. என் பக்கத்தில் நின்றவள் ஆரம்பத்திலிருந்தே இருபாலர் கல்லூரியில் படித்தவள், என்னைவிட நிறைய மதிப்பெண் வாங்கியவள், தியரியில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் மின்னோட்டத்தைக் காட்டுகிற ஒரு கால்வனாமீட்டரைத் தன் கையால் சர்க்யூட்டில் இணைத்ததே இல்லை என்று பிறகொரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மூன்று வருஷமும் அவள் ரீடிங் மட்டுமே எழுதியிருக்கிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவள் கைக்கு ஒயர் வரவே இல்லை, அவ்வளவுதான்.

பெண்கள் கல்லூரியில் கிடைப்பது இதுதான் என்று நான் நம்புகிறேன். அங்கே நடக்கிற ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு பெண்ணின் தலையில்தான் விழும். டிபார்ட்மென்ட்டில் சிம்போசியம் என்றால் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேரம் பேசுவதும், ஏணியில் ஏறி பேனர் கட்டுவதும், ஸ்டேஜுக்கு மேஜை தூக்குவதும், சிறப்பு விருந்தினரைக் காட்பாடி ஸ்டேஷனில் போய் அழைத்து வருவதும், எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் நூற்றுப் பத்துப் பேர் வந்து நிற்கும்போது சமாளிப்பதும், மிச்சப் பணத்தைப் பில்லோடு துறைத் தலைவரிடம் ஒப்படைப்பதும் அவர்களேதான். முதல் வருஷம் வாசலில் பன்னீர் தெளிக்கக்கூட வெட்கப்பட்டு நின்ற பெண், மூன்றாம் வருஷம், "அண்ணா, ரெண்டு மைக் தரேன்னு சொல்லிட்டு ஒண்ணுதான் கொண்டாந்திருக்கீங்க, பாதிக் காசுதான்" என்று சொல்வதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிரவுண்ட். நாலு மணிக்கு மேல் கபடி ஆடுகிறார்கள், த்ரோபால் ஆடுகிறார்கள், விழுந்து புரண்டு மண்ணோடு எழுந்து வருகிறார்கள், வேலி ஓரம் நின்று பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. மாதவிடாய் நாளில் வகுப்பிலேயே எழுந்து, "மேம், வயிறு வலிக்குது, கொஞ்சம் படுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எந்தக் கூச்சமும் இல்லாமல் இருக்கிற இடம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. பெயர்ப் பலகையில் "மகளிர்" என்று இருந்துவிட்டால் மட்டும் இதெல்லாம் நடந்துவிடாது. செய்முறையை ஆசிரியரே செய்து காட்டிவிட்டு மாணவிகளை எழுத மட்டும் வைக்கிற லேப் பெண்கள் கல்லூரியிலும் உண்டு. நான் படித்தபோது வெளியூர்க் கல்லூரியில் நடந்த ஒரு வினாடி வினாப் போட்டிக்குத் தேர்வானேன், பையன்கள் கல்லூரிகளும் வருகின்றன என்று கேள்விப்பட்டதும் கடைசி நேரத்தில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஐம்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை, அந்தக் கோபம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அதனால் பூட்டி வைப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடத்தில் உங்கள் மகளைச் சேர்க்காதீர்கள், அங்கே அவள் ஜெயில் என்று சொல்வது சரிதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? வகுப்பு நடக்கிற ஒரு நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள், அவர்கள் ஒளிக்க மாட்டார்கள். லேபில் கனெக்‌ஷன் யார் கொடுக்கிறீர்கள், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், வெளிப் போட்டிக்கு அனுப்புகிறார்களா, மாணவர் பேரவைச் சேர்மனை மாணவிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களா, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா, இதையெல்லாம் கேளுங்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று 2013ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, பெண்கள் கல்லூரிக்கும் அது உண்டு, அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து ரயிலில் காட்பாடி போய்விட்டால் காந்தி நகரில் ஆக்சிலியம் இருக்கிறது, வேலூர் சாயிநாதபுரத்தில் டி.கே.எம். இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளி வாலாஜாபேட்டையில் அரசு மகளிர் கல்லூரி. உங்கள் ஊரிலேயே இருக்கிற அரசினர் திருமகள் ஆலைக் கல்லூரி இருபாலருக்குமானது. நாலையும் பார்த்துவிட்டு இயற்பியல் துறை எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே சேருங்கள், அது இருபாலர் கல்லூரியாக இருந்தாலும் சரி. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பெண் என்றால், டிகிரி பெண்கள் கல்லூரியில், மேற்படிப்பு இருபாலர் கல்லூரியில் என்பது என் விருப்பம். முடிவை உங்கள் மகள் எடுக்கட்டும்.

அவள் அப்பாவிடம் நான் சொன்னதாக இதையும் சொல்லுங்கள்: "ஊட்லயே இரு" என்ற வார்த்தையை அவர் இனி சொல்லக் கூடாது. 521 வாங்கிய பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது?

கேள்வி: நான் பெண்கள் கல்லூரியில் முதல் வருஷம் பி.காம். படிக்கிறேன். "இங்கயே படிச்சா நாளைக்கு இன்டர்வியூல எதிர்ல நாலு ஆம்பளைங்க உட்கார்ந்திருந்தா உனக்குப் பேச்சே வராது" என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். உண்மையா மேடம்? – ஒரு மாணவி, ஆற்காடு.

பதில்: முதல் சில வாரம் தடுமாற்றம் இருக்கும்மா, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போன என் மாணவிகள் சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு மாதத்தில் போய்விட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறக்கிற பழக்கமே இல்லாமல் டிகிரி வாங்கி வருவதுதான் கஷ்டம், அது சீக்கிரம் சரியாவதில்லை. நீ இப்போது செய்ய வேண்டியது, செமினார் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பது, என்.எஸ்.எஸ்.ஸில் சேர்வது. கிராமத்தில் ஏழு நாள் முகாம் போடுவார்கள், அங்கே பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்த் தண்ணீர் டேங்கர் கேட்க வேண்டும், ரேஷன் கடைக்காரரிடம் பேச வேண்டும், பள்ளிக்கூடத்துச் சாவியை யாரிடமாவது வாங்க வேண்டும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரு வார்த்தை பேசாமல் அழுத பெண் ஒருத்தி, அப்படி ஒரு முகாமில் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேருக்கு நடுவில் நின்று, "இந்தத் தெருவுக்கு ஏன் குழாய் வரல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்த வைவாவும் பயமாக இல்லை. விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீசிலோ கடையிலோ கணக்கு எழுதப் போ. அண்ணனையே ஒரு இடம் பார்த்துத் தரச் சொல்.

கேள்வி: பெண்கள் கல்லூரியில் படித்தால் நன்றாக வருவார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் சொந்த அனுபவம்தானா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராணிப்பேட்டை.

பதில்: நியாயமான கேள்வி சார். 1973இல் அமெரிக்காவில் எலிசபெத் டிட்பால் என்கிற பேராசிரியை ஒரு ஆய்வு வெளியிட்டார். சாதித்த பெண்களின் விவரத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கே படித்தவர்கள் என்று கணக்குப் பார்த்தார், பெண்கள் கல்லூரியில் படித்தவர்கள் அந்தத் தொகுப்பில் இடம்பெறுகிற வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வந்தது. ரொம்ப நாள் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் ஒரு குறையைச் சொன்னார்கள்: அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளில் பெயர்பெற்றவற்றுக்குப் போனவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் எங்கே படித்திருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள், கல்லூரியின் பங்கு எவ்வளவு, குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அந்தக் கேள்வி சரியானது என்றே நான் நினைக்கிறேன். அதனால் அந்த இரண்டு மடங்கை நான் யாரிடமும் சொல்லிக் கல்லூரியில் சேர்க்க மாட்டேன். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் கல்லூரிக்கு வருகிறவர்கள் யார்? பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற வீட்டிலிருந்தும், ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற வீட்டிலிருந்தும், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டிலிருந்தும் வருகிறார்கள். சிபாரிசோ சொத்தோ கிடையாது. அந்தப் பிள்ளை முதல் வருஷம் எப்படி வந்தாள், மூன்றாம் வருஷம் எப்படிப் போனாள் என்று கண்ணால் பார்த்ததைத்தான் நான் சொல்கிறேன், அனுபவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி முதலில் பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது, பிறகு ஆண்களையும் சேர்த்தார்கள் என்று எங்கள் டீச்சர் சொன்னார். அப்படியானால் பெண்கள் கல்லூரியின் காலம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, காட்பாடி.

பதில்: உன் டீச்சர் சொன்னது சரி. அதன் முழுக் கதையையும் தெரிந்துகொள். வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் டாக்டராக வேண்டும் என்று முடிவெடுத்ததே ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதால்தான். மூன்று வீட்டுக்காரர்களும் ஆண் டாக்டர் தொடக் கூடாது என்றார்கள், ஐடாவுக்கோ அப்போது வைத்தியம் தெரியாது. பிறகு அமெரிக்கா போய், பென்சில்வேனியாவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் முதலில் சேர்ந்தார். நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் வாங்கியதும் அதே கல்லூரியில்தான். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் ஐடா அங்கே மாறி 1899இல் படிப்பை முடித்தார். இரண்டு விதமான கல்லூரியும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் 1918இல் வேலூரில் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். விண்ணப்பமே வராது என்று சொன்னார்கள், முதல் வருஷமே 151 விண்ணப்பம் வந்தது, நிறையப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்த ஊர்ப் பெண்கள் படிக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள், அவர்களை உள்ளே விட ஒரு வாசல்தான் இல்லாமல் இருந்தது.

1930களின் கடைசியில் அந்தப் பள்ளி கொடுத்துவந்த பழைய டிப்ளமோ போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிலைமை வந்தது. அதற்கு அதிகப் பணம், அதிக ஆசிரியர்கள், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டியிருந்தது. பல மிஷன்கள் சேர்ந்து கைகொடுத்தன, 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். பெண்கள் மட்டும் என்ற ஏற்பாடு தோற்றுப்போனதால் அது மாறவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் பெண் டாக்டர்களை உருவாக்கிய பிறகு அது பெரிதானது. எந்த வாசல் எந்தப் பெண்ணுக்கு வேண்டும் என்பது அவள் எங்கே நிற்கிறாள் என்பதைப் பொறுத்தது. காட்பாடியில் இருக்கிற உனக்கு இரண்டும் திறந்திருக்கிறது. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் பெண்கள் கல்லூரி என்பதால் மட்டுமே வீட்டில் சம்மதித்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி இன்றைக்குப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை.

கேள்வி: பெண்களுக்கு மட்டும் தனிக் கல்லூரி என்றால் எங்களைப் போன்ற பையன்களுக்கு அது அநியாயம் இல்லையா? – ஒரு மாணவர், திருப்பத்தூர்.

பதில்: தம்பி, வேலூரில் ஊரிசு கல்லூரி 1898இல் வந்தது, பெண்களுக்கான ஆக்சிலியம் 1954இல் வந்தது. இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் கல்லூரியில் சேரப் போனபோது எவ்வளவு எதிர்ப்பு, மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது, அப்போதும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. நீ வகுப்பில் உன் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் ஒயரைக் கொடு, அது போதும்.

கேள்வி: நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மகளைப் பெண்கள் கல்லூரியில் சேர்க்க ஆசை, ஆனால் பீஸ் நினைத்தால் பயமாக இருக்கிறது. – ஒரு தாய், ஆம்பூர்.

பதில்: விண்ணப்பம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுகிறதா, சுயநிதியா என்பது. ஒரே கல்லூரியில், ஒரே பெயருள்ள டிகிரிக்கு, உதவி பெறும் பிரிவில் ஒரு பீஸ், சுயநிதிப் பிரிவில் அதைவிடப் பல மடங்கு என்று இருக்கும். பல பெற்றோர்களுக்கு இது கட்டிய பிறகுதான் தெரிகிறது. அரசு மகளிர் கல்லூரி என்றால் இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும், 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். இது பெண்கள் கல்லூரி, இருபாலர் கல்லூரி இரண்டுக்கும் ஒன்றுதான். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான் போகும், அதனால் சேர்ந்த வாரமே ஆபீசில் கேளுங்கள், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைத் தயாராக வைத்திருங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். மகள் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டாள். சென்னையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற கல்லூரியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. "மூணு வருஷம் பத்திரமா படிச்சா, இப்ப போய் அங்க எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். எனக்கும் பயம்தான். – ஒரு தாய், பேரணாம்பட்டு.

பதில்: அனுப்புங்கள். மூன்று வருஷம் அவள் படித்தது இதற்காகத்தான். சொந்தக்காரர்கள் சொல்கிற "பத்திரம்" இப்போது அவளிடமே இருக்கிறது. முதல் இரண்டு மாதம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுங்கள், "சாப்ட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்னிக்கு கிளாஸ்ல நீ என்ன கேட்ட?" என்றும் கேளுங்கள். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதிக்கு முன்னால் மகளையே போடச் சொல்லுங்கள். டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றின் ஒரிஜினலையும் அவள் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். ஜெராக்ஸ் ஐந்து ஐந்து எடுத்துக்கொண்டு, ஒரு செட்டை வீட்டில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.